தாதர் ஸ்டேஷன் வாசல் கூடைப் பழம்: தாராளமாக வாங்கலாம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மும்பையில் களாப்பழமும் நாவல்பழமும் வாங்க வேண்டுமென்றால் தாதர் மேற்குக்குப் போங்கள். ஸ்டேஷனை விட்டு இறங்கிப் பூ மார்க்கெட் பக்கம் திரும்பும் வழியில், தரையில் கோணி விரித்து, மூங்கில் கூடையை மடிக்கு முன்னால் வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஏசி போட்ட பழக்கடையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தரும் மொபைல் ஆப்பையும்விட இவர்கள் கொண்டுவரும் பழம் மேல். ஸ்ட்ராபெரியும் மல்பெரியும் வேண்டுமென்றால் அதே தெருவில் தள்ளுவண்டிகள் நிற்கின்றன. அங்கே கொஞ்சம் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வாங்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் சயானில் வீட்டிலிருந்தே சமைத்து, பி.கே.சி. (பாந்த்ரா-குர்லா வளாகம்) பக்கத்து ஆபீஸ்களில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்புகிறேன். பிறந்து வளர்ந்தது தாராவி 90 அடி ரோடு, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். கோடை வந்தால் டப்பாவில் ஒரு சின்னக் கிண்ணம் கூடுதலாகப் போகும்: பச்சடியோ, களா ஊறுகாயோ, ஒரு கை நாவல்பழமோ. காசு வாங்கிக்கொண்டு கொடுக்கிற பொருள் என்பதால் பழம் எங்கிருந்து வருகிறது, எத்தனை நேரம் தாங்கும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. பிப்ரவரியில் ஆரம்பித்து மழை பிடிக்கும்வரை வாரம் தவறாமல் தாதருக்குப் போகிறேன்.

இந்தப் பழங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு குணம் உண்டு. பறித்தபின் இவற்றில் இனிப்பு அவ்வளவாக ஏறாது. மாங்காயை வைக்கோலில் போட்டுப் பழுக்க வைக்கலாம், வாழைத்தாரைப் புகைமூட்டலாம். ஸ்ட்ராபெரியைச் செடியிலிருந்து கிள்ளிய நிமிஷத்தில் எவ்வளவு இனிப்பு இருந்ததோ அவ்வளவுதான். டப்பாவுக்குள் இருக்கும்போது நிறம் இன்னும் கொஞ்சம் ஏறும், ஆனால் இனிப்பு ஏறாது. நாவலும் அப்படித்தான், மல்பெரியும் அப்படித்தான். அதனால் தூர ஊருக்கு அனுப்ப வேண்டுமென்று அரைச்சிவப்பில் பறித்த பழம் கடைசிவரை புளித்துக்கொண்டேதான் இருக்கும். நன்றாகப் பழுத்ததைப் பறித்தால் ருசி இருக்கும், ஆனால் ஒன்றிரண்டு நாளில் கெட்டுவிடும். ருசியான பழம் வேண்டுமென்றால் பறித்த இடத்துக்கும் நம் வாய்க்கும் இடையே உள்ள நேரத்தைக் குறைப்பது ஒன்றே வழி. கூடைப் பெண்கள் ஜெயிப்பது இந்த இடத்தில்தான்.

இவர்களில் பலர் கர்ஜத், கசாரா பக்கத்து மலையடிவாரத்திலிருந்து வருகிறவர்கள், ஆதிவாசிப் பெண்கள். களாவை அங்கே யாரும் பயிர் செய்வதில்லை. சஹ்யாத்ரி என்கிற மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவில் தானாக முளைத்துப் புதராக மண்டிக் கிடக்கிறது. கிளைக்குக் கிளை இரண்டு பக்கமும் முள். நம் ஊர்ப் பக்கம் களாப் புதருக்குள் கை விட்டவர்களுக்குத் தெரியும், ஒரு படி பழம் சேர்வதற்குள் முழங்கைவரை கீறல் விழுந்துவிடும். பழம் கறுத்ததும் காய் பச்சையாக இருப்பதும் ஒரே கொத்தில் கலந்து நிற்கும் என்பதால் உருவ முடியாது, ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டும். அதை முடித்துக்கொண்டு, கூடையைத் தலையில் ஏற்றி, இருட்டோடு லோக்கல் ரயில் பிடித்து வந்து உட்கார்ந்தால், நமக்கு ஒரு தொன்னை இருபது ரூபாய். அந்த இருபதில் பேரம் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

நான் வழக்கமாக வாங்கும் மாவ்ஷியிடம் (மராட்டியில் சித்தி) எப்போதும் ஒரே கேள்விதான். "மாவ்ஷி, இது எப்பப் பறிச்சது?" பாதி மராட்டி, பாதி இந்தியில் நடக்கும் பேச்சு இது. "இந்தக் கூடை நேத்து சாயங்காலம், தாயி. இது விடியக்காலம். எது வேணும் பாத்துக்கோ." இரண்டும் ஒரே விலை. நேற்றுப் பறித்ததை மறைக்க வேண்டுமென்ற எண்ணமே அவருக்கு இல்லை. கேட்டால் செய்தும் காட்டுவார்: செங்காயாக இருக்கும் களா ஒன்றை எடுத்துக் காம்பைத் திருகினால், கிள்ளிய இடத்தில் வெள்ளையாகப் பால் துளிர்த்து, சின்ன மணியாகத் திரண்டு நிற்கும். நேற்றைய கூடையிலிருந்து எடுத்ததில் அந்தத் துளி அவ்வளவு சீக்கிரம் வராது, வந்தாலும் மங்கலாக ஒட்டிக்கொண்டிருக்கும். பழம் எப்போது பறித்தது என்று இதைவிடத் தெளிவாக எந்தக் கடை ஸ்டிக்கரும் எனக்குச் சொன்னதில்லை.

களாவில் எதை எடுப்பது என்பது எதற்கு எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அப்படியே தின்ன வேண்டுமென்றால் முழுக்கக் கறுத்து, விரலால் அழுத்தினால் லேசாக அமுங்குவதாகப் பாருங்கள். உள்ளே கருஞ்சிவப்புச் சாறு, இனிப்பும் புளிப்பும் சரிபாதி. ஊறுகாய்க்குப் பச்சைக் காய். ஜாமுக்கோ ஜெல்லிக்கோ பாதி சிவந்த செங்காய்தான் வேண்டும், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். தராசு பெரும்பாலும் இருக்காது. புரசு இலையையோ தேக்கிலையையோ கூம்பாகச் சுருட்டிய தொன்னைக் கணக்கு, இல்லாவிட்டால் கூறு. கூறு கட்டி வைத்திருந்தால் மேலே இருப்பதை மட்டும் பார்க்காமல் அடியில் ஒரு விரல் விட்டுப் புரட்டிப் பாருங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மாவ்ஷி தானே புரட்டிக் காட்டி, நசுங்கினதை எடுத்துத் தன் பக்கம் போட்டுக்கொள்வார்.

குறைகளும் உண்டு, சொல்லத்தான் வேண்டும். இவர்களுக்கு நிரந்தர இடம் இல்லை. இன்று பாலத்தடியில், நாளை முப்பதடி தள்ளி. ஆக்கிரமிப்பு வண்டி வருகிறது என்று யாராவது கத்தினால் கூடையோடு சந்துக்குள் போய்விடுவார்கள், நீங்கள் காத்திருக்க வேண்டும். காலை பத்து மணிக்கு மேல் வெயிலும் புழுதியும் பழத்தின்மேல் ஏறிவிடும், மாலையில் போவதில் அர்த்தமே இல்லை. சிலரிடம் ஸ்கேன் அட்டை இருக்கிறது, பலரிடம் இல்லை. நம் வீட்டு வாசலுக்கு யாரும் கொண்டுவந்து தர மாட்டார்கள். செம்பூர், முலுண்ட் பக்கம் இருக்கிறவர்களுக்கு இதற்காக மட்டும் தாதர் வருவது அலைச்சல்தான். தானே ஸ்டேஷன் வெளியிலும் சீசனில் இதே மாதிரி உட்காருகிறார்கள், அங்கே வாங்கிக்கொள்ளலாம்.

இனி ஸ்ட்ராபெரி. தாதர் தள்ளுவண்டியில் வருவது பெரும்பாலும் மகாபலேஷ்வர், பாஞ்ச்கனி சரக்கு. சுமார் 1,300 மீட்டர் உயர மலை, செம்மண், குளிர்ந்த இரவு. இந்தியாவில் விளையும் ஸ்ட்ராபெரியில் பெரும்பகுதி அங்கிருந்துதான். 2010-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மழை ஓய்ந்ததும் நாற்று நடுவார்கள், நவம்பர் கடைசியில் முதல் பழம் வரும், ஏப்ரலைத் தாண்டிக் கொஞ்ச நாள் இழுக்கும். மலையிலிருந்து ராத்திரி ஏற்றினால் விடியற்காலை மும்பை. ஆகவே தூரம் இங்கே பிரச்சினை இல்லை. பிரச்சினை டப்பாதான்.

கால் கிலோ பிடிக்காத அந்தப் பிளாஸ்டிக் டப்பாவில் மேல்வரிசை எப்போதும் மாப்பிள்ளை அழைப்புக்கு வந்து நிற்கிற வரிசை: பெரியது, சிவந்தது, காம்பு எல்லாம் ஒரே பக்கம். டப்பாவைத் தூக்கித் தலைகீழாகப் பாருங்கள். அடியில் விரித்த காகிதத்தில் சிவப்பு ஈரம் பரவியிருந்தால் கீழ்வரிசையில் ஒன்றிரண்டு நசுங்கிவிட்டது என்று அர்த்தம். நசுங்கினதில் சாம்பல் நிறப் பூஞ்சை பிடிக்கும், அது தொட்டுக்கொண்டிருக்கும் அடுத்த பழத்துக்கும் மறுநாளே ஏறும். அப்புறம் காம்பை ஒட்டிய தோள்பட்டை. அங்கே வெள்ளையாக ஒரு வளையம் இருந்தால் முற்றுமுன் பறித்தது. காம்புக்கு மேலிருக்கும் இலைக் குடை பச்சையாக, விறைப்பாக நிற்க வேண்டும். சுருண்டு பழுத்திருந்தால் இரண்டு மூன்று நாள் ஆகிவிட்டது. கடைசியாக மூக்கு. டப்பாவின் காற்றுத் துளையில் வைத்து மோந்து பாருங்கள். நல்ல ஸ்ட்ராபெரி ஒரு முழம் தூரத்திலேயே மணக்கும். வாசனையே இல்லாத பெரிய பழத்தைவிட, கோணல்மாணலாக இருந்தாலும் மணக்கிற சின்னப் பழம் சமையலுக்கு ஆயிரம் மடங்கு மேல்.

ஏப்ரலில் வரும் கடைசிச் சரக்கைப் பலரும் ஒதுக்குகிறார்கள், சிறுத்துவிட்டது என்று. எனக்கு அதுதான் வேண்டும். விலை பாதியாகிவிடும், தண்ணீர் குறைவு, சுண்டக் காய்ச்சினால் நிறம் அபாரம். தள்ளுவண்டிக்காரரிடம் முந்தின நாளே சொல்லி வைத்தால் டப்பாவில் அடைக்காத சரக்கைத் தட்டோடு கொடுப்பார்.

கிராஃபோர்டு மார்க்கெட்டையும் சொல்லாமல் விட முடியாது. 1869-ல் கட்டி முடித்த கட்டடம், இன்றைய பெயர் மகாத்மா ஜோதிபா புலே மண்டி. எல்லாருக்கும் கிராஃபோர்டு என்றால்தான் புரியும். பெட்டிக் கணக்கில் ஸ்ட்ராபெரி வேண்டுமென்றால், கல்யாணம் காதுகுத்து என்றால், அங்கே விடியற்காலையில் போங்கள். இரண்டு டப்பாவுக்கு அங்கே போவது வீண். வெளிநாட்டு ப்ளூபெர்ரியும் அங்கே அடுக்கியிருக்கும். 125 கிராம் டப்பாவுக்குக் கொடுக்கிற காசில் சீசனில் ஒரு கிலோ நாவலே வாங்கிவிடலாம். விமானத்தில் வந்தாலும் அது கெடாமல்தான் இருக்கிறது, உண்மை. ஆனால் நம் நாவலின் இனிப்பும் துவர்ப்பும் அதில் ஏது? என் காசு நாவலுக்குத்தான்.

வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஆப் ஒன்றில் போன மார்ச்சில் மல்பெரி வரவழைத்தேன். டப்பாவுக்குள் ஆவி வேர்த்து வழிந்திருந்தது. ஃப்ரிட்ஜ் குளிரிலிருந்து மும்பை வெயிலுக்கு வந்து, பையன் பையில் அரைமணி நேரம் குலுங்கி வந்தால் வேறு எப்படி இருக்கும்? மேலே உலர்ந்து தெரிந்தது, கீழே கூழ். புகார் செய்தேன், பணம் வந்துவிட்டது, அது வேறு விஷயம். மறுநாள் டப்பாவில் போக வேண்டிய பழம் போகவில்லையே. உருளைக்கிழங்கு, வெங்காயத்துக்கு ஆப் நல்லது. தொட்டாலே சாறு விடும் பழத்தைக் கண்ணால் பார்க்காமல் வாங்கக் கூடாது.

வாங்கி வந்ததும் எல்லாரும் செய்கிற முதல் காரியம் குழாயடியில் கழுவுவது. தயவுசெய்து வேண்டாம். ஈரம்தான் பூஞ்சைக்கு விருந்து. தட்டில் கொட்டி, நசுங்கினது, கசிந்தது எல்லாவற்றையும் பொறுக்கித் தனியே வையுங்கள். அதை அன்றே சமைத்துவிட வேண்டும். மீதியை அகலமான ஸ்டீல் டப்பாவில் பழைய பருத்தி வேட்டித் துணி விரித்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே வரிசையாகப் பரப்பி, மேலே இன்னொரு துணி போட்டு, மூடியை இறுக்காமல் சும்மா வைத்து, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் உள்தள்ளி வையுங்கள். கதவுத் தட்டு கூடாது, திறந்து திறந்து மூடுவதில் சூடும் குளிரும் மாறி மாறி அடித்துப் பழம் வேர்க்கும். இப்படி வைத்தால் ஸ்ட்ராபெரி நாலைந்து நாள் நிற்கும், களா ஒரு வாரம்கூட. நாவல் மூன்று நாள் நம்பலாம். மல்பெரிக்கு ஒரு ராத்திரி, அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

கழுவுவது தின்பதற்கு முன்னால்தான். ஸ்ட்ராபெரியைக் காம்போடு கழுவுங்கள், கழுவியபின் காம்பைக் கிள்ளுங்கள். முதலில் கிள்ளினால் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் இறங்கி ருசி நீர்த்துப்போகும். அகலப் பாத்திரத்தில் தண்ணீர் விட்டு ஒரு ஸ்பூன் உப்புப் போட்டு ஐந்து நிமிஷம் மிதக்கவிட்டால் மண்ணும் குட்டிப் பூச்சியும் அடியில் தங்கிவிடும். கையால் அள்ளி எடுத்து, நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசினால் போதும். தண்ணீரோடு வடிகட்டியில் கவிழ்த்தால் அடியில் இறங்கின மண் திரும்பப் பழத்தின்மேலேயே விழும். களாவுக்கு உப்புத் தண்ணீர் கட்டாயம், அந்தப் பால் பிசுக்குப் போக அதுதான் வழி.

அதிகம் வாங்கிவிட்டால் ஃப்ரீசர் இருக்கிறது. கழுவித் துடைத்து, ஈரம் உலர்ந்தபின், தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, கல்லாக உறைந்ததும் பையில் கொட்டிக் காற்றை அமுக்கி எடுத்துவிட்டுக் கட்டுங்கள். நேராகப் பையில் போட்டு வைத்தால் ஒரே பாறையாகிவிடும், கால் கிலோ வேண்டுமென்றால் சுத்தியல் எடுக்க வேண்டும். வீட்டு ஃப்ரீசர் மெதுவாக உறைய வைப்பதால் பழத்துக்குள் இருக்கும் தண்ணீர் பெரிய பனிப் பரலாகி உள்தசையைக் கிழித்துவிடும். உருகினால் தொளதொளவென்று ஆகும், வெறுமனே தின்ன லாயக்கில்லை. ஜாமுக்கும் பச்சடிக்கும் அதுவே வசதி, சாறு தானாக இறங்கிவிடும்.

மல்பெரியைப் பற்றி இரண்டு வார்த்தை. பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல்வரை வரும். கறுப்பாக, பளபளப்பாக, காம்பு பச்சையாக இருப்பதை எடுங்கள். சிவப்பாக இருப்பது புளிக்கும். நான் அதைச் சமைப்பதில்லை. தயிர்சாதத்தில் மாதுளையும் திராட்சையும் போடுகிற இடத்தில், தாளித்து ஆறியபின், டப்பாவை மூடுவதற்கு முன் மேலாக ஏழெட்டு மல்பெரி வைத்துவிடுவேன். கிளறக் கூடாது, சாதம் ஊதா நிறமாகிவிடும். கையில் பட்ட கறை சோப்புக்கு மசியாது, எலுமிச்சை மூடியால் தேய்த்தால் போகும்.

ஸ்ட்ராபெரிப் பச்சடிதான் என் வாடிக்கையாளர்கள் பெயர் சொல்லிக் கேட்கும் பண்டம். நம் மாங்காய்ப் பச்சடி முறைதான். சட்டியில் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய், கடுகு, ஒரு வற்றல் மிளகாய், கீறின பச்சை மிளகாய் ஒன்று. கால் கிலோ பழத்தை நாலாக வெட்டிப் போட்டு, ஒரு சிட்டிகை உப்பு. தண்ணீர் ஊற்ற வேண்டாம், உப்புப் பட்டதும் அதுவே சாறு விடும். இரண்டு நிமிஷம் கழித்து, கரைத்து வடிகட்டிய வெல்லப் பாகு அரைக் கரண்டி. பழம் புளிப்பாக இருந்தால் இன்னும் கொஞ்சம். துண்டு குழைந்தும் குழையாமலும் இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும், மொத்தம் ஆறு நிமிஷத்துக்கு மேல் அடுப்பில் இருக்கக் கூடாது. ஆறினால் இன்னும் கெட்டிப்படும். சித்திரை ஒன்றாம் தேதி மாங்காய்ப் பச்சடியிலேயே ஒரு கைப்பிடி கடைசிச் சரக்கு ஸ்ட்ராபெரியை அரிந்து சேர்த்து, மேலே வறுத்த வேப்பம்பூ தூவினேன். மாங்காயின் புளிப்பும் பழத்தின் வாசனையும் நன்றாகச் சேர்ந்துகொண்டன. எங்கள் அத்தை, பச்சடியில் கண்டதையும் போட விடாதவர், மறுபடி ஒரு கரண்டி கேட்டு வாங்கினார்.

இரும்புச் சட்டியும் அலுமினியமும் இந்தப் பழங்களுக்கு ஆகாது. புளிப்பு உலோகத்தைப் பிடித்துக்கொண்டு நிறம் கறுத்துப் போகும், ருசியிலும் ஒரு இரும்பு வாடை ஏறும். அடி கனத்த எவர்சில்வர் போதும்.

ஜாமுக்கு வருகிறேன். ஸ்ட்ராபெரி ஜாம் வீட்டில் செய்தால் இளகி ஓடுகிறது என்று பலரும் சொல்கிறார்கள். காரணம் பெக்டின். ஜாமைக் கெட்டிப்பட வைக்கும் அந்தச் சத்து ஸ்ட்ராபெரியில் குறைவு. கடைகளில் பெக்டின் பொடி கிடைக்கிறது, ஆனால் தாதர் கூடையில் அதற்கு மாற்று இருக்கிறது: களாச் செங்காய். களாவில், அதுவும் முழுக்கப் பழுக்காத காயில், பெக்டினும் புளிப்பும் ஏராளம். நான் செய்வது இதுதான். ஏப்ரல் ஸ்ட்ராபெரியை ஃப்ரீசரில் போட்டு வைத்துக்கொள்வேன். மே முதல் வாரம் களா நன்றாக வரத் தொடங்கியதும், ஒரு கிலோ ஸ்ட்ராபெரிக்கு 700 கிராம் சர்க்கரை கலந்து ராத்திரி முழுக்க ஊறவிடுவேன். காலையில் இரண்டு கை செங்காயைப் பால் போக அலசி, இரண்டாக நசுக்கி, மூழ்கும் அளவு தண்ணீரில் கால் மணி நேரம் வேகவைத்து மெல்லிய துணியில் வடிகட்டினால் இளஞ்சிவப்பாக, விரலில் வழவழக்கும் சாறு வரும். துணியைப் பிழியக் கூடாது, பிழிந்தால் கலங்கும். அந்தச் சாற்றை ஸ்ட்ராபெரியோடு சேர்த்து அடுப்பில் ஏற்றுங்கள்.

முதலில் நுரை பொங்கும், சின்னச் சின்னக் குமிழாகச் சலசலக்கும். நுரையை ஒதுக்கிக்கொண்டே இருங்கள். இருபது நிமிஷம் போல ஆனதும் சத்தம் மாறும். குமிழ் பெரிதாகி, மெதுவாக எழும்பி, பொத்தென்று வெடிக்கும். கரண்டியைத் தூக்கினால் கடைசிச் சொட்டு உடனே விழாமல் இரண்டு சொட்டாகத் திரண்டு, சேர்ந்து, தகடாகத் தொங்கும். தெர்மாமீட்டர் இருந்தால் 104, 105 டிகிரி. இல்லாவிட்டால், ஃப்ரீசரில் வைத்த ஒரு சின்னத் தட்டில் அரை ஸ்பூன் விட்டு, ஒரு நிமிஷம் கழித்து விரலால் தள்ளுங்கள். மேலே ஏடு சுருங்கினால் இறக்கலாம். அதற்கு மேல் ஒரு நிமிஷம் விட்டாலும் பழ வாசனை போய்ச் சர்க்கரைப் பாகு வாசனை வந்துவிடும். வெந்நீரில் கொதிக்கவைத்து உலர்த்திய கண்ணாடிப் பாட்டிலில் சூடாகவே ஊற்றி மூடுங்கள், திறந்தபின் ஃப்ரிட்ஜில்தான் இருக்க வேண்டும். களா சேர்ந்ததால் நிறமும் தூக்கலாக வரும், எலுமிச்சையும் தேவைப்படாது.

களா ஊறுகாய் எங்கள் ஆச்சி கைப்பக்குவம். பச்சைக் காயை அலசி, உலர்த்தி, இரண்டாக வெட்டி, கல் உப்பும் மஞ்சள்தூளும் போட்டு இரண்டு நாள் குலுக்கிக் குலுக்கி வைக்க வேண்டும். பிறகு வற்றல் மிளகாய்ப்பொடி, வறுத்துப் பொடித்த வெந்தயம், பெருங்காயம், மேலே மிதக்க நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றினால் ஒரு வாரத்தில் தயார். மராட்டிக்காரர்களும் இதே காயில் வெல்லம் சேர்த்து லோண்சே போடுகிறார்கள், அதுவும் நன்றாகவே இருக்கிறது. மாங்காய் ஊறுகாயைவிட மோர்சாதத்துக்கு இதுதான் எடுப்பு என்பது என் கட்சி.

நாவல் வருவது கடைசியில், மே முடிவிலும் ஜூனிலும். பால்கர் மாவட்டத்து பகாடோலி நாவலுக்குப் புவிசார் குறியீடு உண்டு, பத்லாபூர் நாவலுக்கும் பேர் அதிகம். பகாடோலி என்று சொல்லி விற்கிற பழம் எல்லாம் அங்கிருந்து வந்தது என்று நம்ப வேண்டியதில்லை, பழத்தைப் பாருங்கள். தோல் இறுகி, மேலே லேசாகச் சாம்பல் பூத்திருந்தால் கை படாத புதுப் பழம். அந்தப் பூச்சு பழத்தின் சொந்த மெழுகு, அழுக்கில்லை. கீழே விழுந்து பொறுக்கினதில் ஒரு பக்கம் நைந்து மண் ஒட்டியிருக்கும், கையால் பறித்ததில் அது இருக்காது. நாவல் கிளை சட்டென்று முறியக்கூடியது. அதில் ஏறி, தோளில் பை கட்டிக்கொண்டு பறிக்கிறார்கள். கையால் பறித்த பழத்துக்குக் கூடுதல் விலை கேட்பது முழுக்க நியாயம். இந்த ஜூனில் கால் கிலோ எண்பது ரூபாய்க்கு வாங்கினேன், விதை சிறுத்து, சதை தடித்த நல்ல பழம். முதல் பெருமழைக்குப்பின் வெடித்த பழமும் புழுவும் வரும், வாங்காதீர்கள்.

தின்பதற்கு: கழுவிய நாவலை ஸ்டீல் டப்பாவில் போட்டு, உப்பும் ஒரு சிட்டிகை மிளகாய்ப்பொடியும் தூவி, மூடியை இறுக்கி நன்றாகக் குலுக்கி, பத்து நிமிஷம் விடுங்கள். தோல் கீறி, சாறு கசிந்து, துவர்ப்பு அடங்கிவிடும். சர்பத்துக்கு: பழத்தை ஒரு டம்ளர் தண்ணீரோடு, கொதிக்க விடாமல், விரல் பொறுக்கும் சூட்டுக்குக் கொஞ்சம் மேல்வரை சூடாக்கி இறக்குங்கள். சதை கழன்று நிறம் முழுக்க இறங்கும். ஆறியதும் ஓட்டை பெரிதான வடிகட்டியில் கையால் தேய்த்துக் கொட்டையை நீக்க வேண்டும். மிக்ஸியில் போடவே கூடாது, கொட்டை ஒன்று உடைந்தாலும் மொத்தமும் கசக்கும். அந்தச் சாற்றில் சர்க்கரை, கறுப்பு உப்பு, வறுத்த சீரகப்பொடி. எலுமிச்சை பிழிந்ததும் ஊதா நிறம் கண்ணெதிரே ரத்தச் சிவப்பாக மாறும். குழந்தைகளுக்கு அதைப் பிழியும் வேலையைக் கொடுத்துவிடுங்கள்.

அதே தெருவில் நாவல் கொட்டைப் பொடியும் பாக்கெட்டில் விற்கிறார்கள், சர்க்கரை வியாதிக்கு என்று. அத்தைக்கும் சர்க்கரை உண்டு. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதை நம்ப நான் விட மாட்டேன், நீங்களும் விடாதீர்கள்.

போகிறவர்களுக்கு: களாவுக்கு மே மாதம், நாவலுக்கு ஜூன் முதல் பாதி, இரண்டுக்கும் காலை ஏழரைக்கும் ஒன்பதுக்கும் நடுவே. பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் சில்லறையாக எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பையில் வாங்கித் தொங்கவிட்டுக்கொண்டு கூட்ட லோக்கலில் ஏறினால் சயான் வருவதற்குள் சாறாகிவிடும். அகலமான ஸ்டீல் டப்பா ஒன்றைக் கையோடு கொண்டுபோய், மாவ்ஷியிடமே அதில் போட்டுத் தரச் சொல்லுங்கள்.